டெனிசுக்கும் ஊசி போட்டேன்

மார்ச் 11, செவ்வாய்

மூன்று நாளாகப் பிளேன் இல்லை. காற்று. வடகனடாவின் இந்த ஊரில் நானூறு சனம், வெளியே போக ரோட்டு என்று ஒன்றில்லை, பிளேன் வந்தால்தான் உண்டு. கடையில் பால்மா முடிந்துவிட்டது. வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு காலை முழுக்க பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டேன். பின்னேரம் உடுப்புத் தோய்க்க நினைத்திருந்தேன், முடியவில்லை.

லீட்டியாவை அவளுடைய புருஷன் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு உதவி ரீச்சர். வயது இருபத்தொன்பது, இரண்டு பெண்பிள்ளைகள். முந்தாநாள் தொடங்கிய வயிற்றுக்குத்தை மருந்துக்கடைக் குளிசையால் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வலப்பக்கம் அடிவயிற்றில் கையை அழுத்தி எடுத்ததும் துடித்துவிட்டாள். அப்பெண்டிக்ஸ் என்று எனக்குப் பட்டது. டொக்டரோடு போனில் கதைத்தேன். அவரும் அதையே சொன்னார். அன்ரிபயோட்டிக் கிருமிமருந்தை ஏற்றத் தொடங்கு, கெதியாக அனுப்பு என்றார்.

நோயாளரைக் கொண்டுபோகிற பிளேன் வேறோர் ஊரில் காற்றுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். சாமான் இறக்க வந்து இங்கேயே அகப்பட்டுப்போன டெனிசிடம் கேட்டேன். கியூபெக் பக்கத்து மனுசன், ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒற்றை எஞ்சின் பிளேனைத் தனியாளாக ஓட்டுகிறவர். ஜெயகௌரி என்ற என் பெயர் அவர் வாயில் வராது, 'ஜே' என்பார். நாளை மத்தியானம் காற்று கொஞ்சம் ஓயும், அந்த இடைவெளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றார். நானும் துணைக்குப் போகவேண்டும்.

ரொறொன்ரோவிலிருந்து மகள் ஆரணி போன் எடுத்தாள். வடக்கில் இன்னும் ஒரு வருடம் வேலை செய்யக் கையெழுத்துப் போட்டீர்களா அம்மா என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை என்றேன். போன கிழமையே போட்டுவிட்டேன். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 12, புதன்

மத்தியானம் புறப்படுகிறோம். ஊறப்போட்ட பருப்பு அப்படியே கிடக்கிறது.

மார்ச் 13, வியாழன்

விழுந்துவிட்டோம். நேற்று.

புறப்பட்டுக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு முன்னால் மேகம் சுவர்போல எழும்பி நின்றது. டெனிஸ் அதைச் சுற்றிப்போகத் தெற்குப் பக்கம் திருப்பினார். போகப்போக நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. மேல் எது, கீழ் எது என்று பிரிக்க முடியவில்லை. நான் லீட்டியாவின் சேலைன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெனிஸ் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த கணம் அடி.

கண்ணைத் திறந்தபோது பிளேன் ஒரு பக்கம் சரிந்து பனிக்குள் கிடந்தது. பிளேனின் ஒரு பக்கச் செட்டையைக் காணவில்லை. வால் முறிந்து பின்னால் தனியாகக் கிடந்தது. அந்த ஓட்டையால் பனி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரோடு கட்டியிருந்தபடியால் லீட்டியாவுக்குப் புதிதாகக் காயமில்லை. "நேர்ஸ், நேர்ஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நெற்றியில் வெட்டு, விலாவில் நோவு. பெரிதாக ஒன்றுமில்லை.

டெனிஸ் இருந்த பக்கம்தான் நசுங்கிப்போனது. இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. வலிக்கு மோர்பீன் போட்டுவிட்டு இழுத்தேன். அப்படியும் கத்தினார். அவரை இருக்கையிலிருந்து எடுத்து லீட்டியாவுக்குப் பக்கத்தில் கிடத்துவதற்குள் பொழுது போய்விட்டது. காயத்தைக் கழுவி, காலை நேராக்கி, உடைந்த கதவுத் தட்டியை வைத்துக் கட்டினேன்.

இன்று விடிந்ததும் லீட்டியா படுத்தபடியே சொல்லச் சொல்ல, பனியைக் கட்டி கட்டியாக வெட்டி வால் முறிந்த ஓட்டையை அடைத்தேன். மிஞ்சிய செட்டைக்குள் இருந்த எரிபொருளை வடிக்க டெனிஸ் வழி சொன்னார். அதைத் தகரப் பேணியில் ஊற்றித் துணி போட்டு எரிக்கிறேன். கண்ணெல்லாம் புகை. ஆனால் பனி உருகிக் குடிக்கத் தண்ணீர் வருகிறது. நித்திரைப்பை ஒன்றுதான் இருக்கிறது. அதற்குள் லீட்டியா. கம்பளி எல்லாம் டெனிசுக்கு. நான் இருவருக்கும் நடுவில்.

செய்மதித் தொலைபேசி நசுங்கிப்போய்க் கிடந்தது. தேடி வருவார்கள், பயமில்லை என்று இருவரிடமும் சொன்னேன். லீட்டியா கண்ணயர்ந்ததும் டெனிஸ் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். போவதாக அறிவித்த பாதையை விட்டு நன்றாகத் தெற்கே வந்துவிட்டோமாம். தேடுகிறவர்கள் அந்தப் பாதையில்தான் தேடுவார்கள் என்றார். அவளுக்குச் சொல்லவேண்டாம் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

லீட்டியாவின் தாய் ஆஸ்பத்திரி ஊரிலுள்ள சொந்தக்காரருக்கென்று ஒரு பெட்டி மீன் கொடுத்துவிட்டிருந்தா. கல்லாக உறைந்த மீன். அதைக் கத்தியால் சீவல் சீவலாகச் சீவிப் பச்சையாகத் தின்கிறோம். வெள்ளிக்கிழமையில் மீன் என் வாயில் பட்டது இதுதான் முதல் தடவை. முருகன் வந்து கேட்டால் அவருக்கும் ஒரு துண்டு கொடுப்பேன்.

முறிந்த வாலுக்குள் ஒரு சிக்னல் பெட்டி இருக்கிறது, விழுந்தால் தானாக அறிவிக்கும் பெட்டி. அதன் ஏரியல் அறுந்துபோனதால் சத்தம் வெளியே போகாது என்றார் டெனிஸ். எந்த வயரை எதோடு பொருத்தவேண்டும் என்று கம்பளியின்மேல் விரலால் கீறிக் காட்டினார். வெளியே போய்ச் செய்தேன். அந்தச் சின்ன ஆணிகளைக் கையுறையோடு பிடிக்க ஏலாது. கழற்றிவிட்டுத்தான் செய்தேன். கனநேரம் எடுத்தது. ஆணி ஒன்று பனிக்குள் விழுந்து, அதையும் தடவித் தேடி எடுத்தேன். கடைசியில் பெட்டியில் சிவப்புப் பொட்டு ஒன்று மினுங்கியது. அது யாருக்காவது கேட்கிறதா என்று அறிய வழியில்லை. உள்ளே வந்து பார்த்தபோது வலது கை விரல்கள் மெழுகுபோல வெள்ளையாக இருந்தன. சூடு பட்டால் சரிவரும்.

மருந்துப் பையை இன்றுதான் வடிவாகப் பார்த்தேன். மோர்பீன் போதிய அளவு இருக்கிறது. கிருமிமருந்துக் குப்பிகளில் பாதிக்குமேல் உடைந்துவிட்டன. கண்ணாடித்தூளை விலக்கி விலக்கித் தேடினேன். மிஞ்சியது ஓராளுக்கு நாலு நாளுக்குத்தான் காணும், அதற்குமேல் இல்லை.

லீட்டியாவுக்கு வயிறு பலகைபோல இறுகியிருக்கிறது. காய்ச்சல் கொதிக்கிறது. டெனிசின் காலில் காயத்தைச் சுற்றிச் சிவப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது.

மருந்து பொடியாக இருக்கும். சேலைன் உப்புத்தண்ணியை விட்டுக் குலுக்கிக் கரைத்துத்தான் போடவேண்டும். உறையாமல் இருக்க சேலைன் பையை வயிற்றோடு கட்டி வைத்திருக்கிறேன். குளிருக்குக் கரைய நேரமெடுத்தது. லீட்டியாவுக்கு மருந்து போட்டேன்.

டெனிசுக்கும் ஊசி போட்டேன். "அவளுக்குப் போட்டதுதானோ?" என்று கேட்டார். ஓம், அதேதான் என்றேன்.

மார்ச் 15, சனி

விடியமுன் தொடங்கிய காற்று நிற்கவே இல்லை. பிளேனை யாரோ வெளியே நின்று உலுப்புவதுபோல இருக்கிறது. இந்தக் காற்றில் ஒருவரும் பறக்கமாட்டார்கள். அது மூவருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

பேனை உறைந்துவிட்டது. பென்சிலால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

லீட்டியா காய்ச்சலில் தன் மொழியில் பிள்ளைகளோடு கதைக்கிறாள். தெளிந்தால் டெனிசைப் பகிடி பண்ணுகிறாள். போன வருடம் அவளுக்கு வந்த உடுப்புத் தோய்க்கும் மெஷினை டெனிஸ் வேறு ஊரில் இறக்கிவிட்டாராம். ஆறு கிழமை கையால் தோய்த்தாளாம். "இந்தமுறை என்னையும் பிழையான இடத்தில இறக்கிப்போட்டார்" என்றாள். டெனிஸ் சிரித்தார். சிரிக்கும்போது கால் அசைந்து முகம் வெளுத்துப்போனது.

லீட்டியாவுக்கு மருந்து போட்டேன். டெனிசுக்கும் ஊசி போட்டேன், பிறகு மோர்பீன். என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கொஞ்சம் தண்ணீர் தரச் சொன்னார்.

அவருடைய மனைவியின் பெயர் மோனிக். கடற்கரை ஊர் ஒன்றில் பாண் சுட்டு விற்கிற பேக்கரி வைத்திருக்கிறாவாம். பிள்ளைகள் இல்லை. நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

காற்று. மூன்று பேரும் இருக்கிறோம். ஊசிகள் போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

லீட்டியாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. வயிறு கொஞ்சம் இளகியிருக்கிறது. இன்று மீன் கேட்டு வாங்கித் தின்றாள். நான் வெளியே போய்ப் பனி அள்ளுகிற சாட்டில் நின்று அழுதுவிட்டு வந்தேன். கண்ணீர் இமையில் உறைந்துவிடுகிறது, அழவும் முடியாத இடம்.

டெனிசின் கட்டை அவிழ்க்கமுன்பே மணம் வந்தது. இருபது வருடமாக நேர்ஸ் வேலை பார்க்கிறேன், அந்த மணம் எனக்குத் தெரியும். தொடை வரைக்கும் கறுத்திருக்கிறது. கையில் சத்திரக்கத்தியும் இல்லை, மயக்கமருந்தும் இல்லை. இருந்தாலும் கால் எடுக்கிற வேலை எனக்குத் தெரியாது. திரும்பக் கட்டினேன். நல்லாயிருக்கு என்றேன்.

கடைசிக் குப்பியை எடுக்கப் பையைத் திறந்தேன். லீட்டியா நித்திரை. டெனிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இன்னும் இருந்தது.

"ஜே, இண்டைக்கு அந்த உப்புத்தண்ணியை எனக்குப் போடவேண்டாம். சூடாக்கி அவளுக்குக் குடிக்கக் கொடும்" என்றார்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"முதல் நாளே. அவளுக்குப் போட்டதைக் குலுக்கிக் குலுக்கிக் கரைச்சீர். எனக்குப் போட்டதை ஒருக்காலும் குலுக்கேல்லை."

அவரே சொன்னார். முதல் நாள் என்மேல் சரியான கோபமாம். இரண்டாம் நாள் கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தாராம்.

"ஏன் கேட்கேல்லை?"

"கேட்டால் நீர் தந்திடுவீர் எண்டு பயமாயிருந்தது."

கடைசிக் குப்பியில் சேலைனை விட்டேன். விரல்கள் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குலுக்கினேன். அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கக்கூடியதாக இருந்து குலுக்கினேன். நன்றாகக் கரையும்வரை குலுக்கினேன். அவர் தன் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

லீட்டியாவுக்குப் போட்டேன்.

டெனிசுக்கு மோர்பீன் போட்டேன். வலி குறைந்ததும் மோனிக்கின் பாண் கடையைப் பற்றிச் சொன்னார். விடிய அடுப்புப் பற்றவைத்ததும் முதல் பாணை அவருக்கென்று எடுத்து வைப்பாவாம். அவர் ஊரில் இல்லாத நாளிலும் எடுத்து வைப்பாவாம்.

லீட்டியா எழும்பியதும் நித்திரைப்பையின் ஸிப்பைக் கழற்றி விரித்து டெனிசையும் சேர்த்து மூடச் சொன்னாள். மூடினேன். மூவரும் ஒன்றாகக் கிடக்கிறோம். காற்றின் சத்தம் குறைந்த மாதிரி இருக்கிறது. அல்லது என் காது பழகிவிட்டதோ தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன்.

டெனிஸ் இல்லை. வெளிச்சம் வந்தபோது பார்த்தேன். லீட்டியா எனக்கு முன்பே எழும்பி அவர் நெற்றியில் கை வைத்தபடி இருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை.

"அவருக்கும் மருந்து போட்டனீங்கள்தானே, நேர்ஸ்?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"பிறகேன் எனக்கு மட்டும் வேலை செய்தது?"

கால் உடைந்தது பெரிய காயம், மருந்துக்கு அடங்காது என்றேன். அவள் நம்பினாள். நம்பவேண்டும் என்றுதான் கடவுளை வேண்டினேன்.

அவரை வெளியே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, பலமும் இல்லை. முகத்தை மூடினேன். எரிபொருள் முடிந்துவிட்டது. மருந்து முடிந்துவிட்டது. காற்று நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் நிற்காத காற்று அவர் போனபிறகு நின்றிருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் வெயில். நாலு பக்கமும் ஒன்றுமில்லை, ஒரு மரம்கூட இல்லை, ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லை. அந்த வெயிலைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த பேணியை எறிந்தேன். எறிந்த கையில் ஒன்றும் உணரவில்லை.

நாளை வரைக்கும் என்று மட்டும் எண்ணிக்கொண்டு இருந்தால் அதற்கடுத்த நாள் லீட்டியாவை எப்படி உயிரோடு வைத்திருப்பது? சூட்டுக்கு இனி என் உடம்பு மட்டும்தான். அவளுக்குத் தெரியாமல் என் பங்கு மீனையும் அவளுடையதோடு சேர்த்துவிட்டேன். பசிக்கவில்லை.

சத்தம் கேட்கிறது. லீட்டியா கேட்கிறதா என்கிறாள். எனக்கும்

மார்ச் 30, ஞாயிறு

ஒட்டாவா ஆஸ்பத்திரி. நான் சொல்ல ஆரணி எழுதுகிறாள். அவளுடைய தமிழெழுத்து இப்போது என்னுடையதைவிட வடிவு.

வலது கையைப் பெரிய பந்துபோலக் கட்டி வைத்திருக்கிறார்கள். பொறுத்திருந்து பார்க்கவேண்டும் என்கிறார் டொக்டர். நான் நேர்ஸ், எனக்குத் தெரியும். மூன்று விரல் போகும். ஒருவேளை இரண்டு. ஆரணி இந்த வசனத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் எழுதினாள். இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு சொல்லும் ஏசவில்லை. இந்தக் கையோடு இனி எங்கே போகப்போகிறீர்கள் என்று நினைத்திருப்பாள்.

சிக்னல் பெட்டியின் சத்தம் தேடுகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கிறது. எங்கே கிடக்கிறோம் என்று அவர்களுக்கு அன்றே தெரியும். காற்றுத்தான் விடவில்லையாம். தேட வந்தவர்களில் ஒருவர் நேற்று வந்து என் கட்டிலருகே நின்று இதைச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. உங்கள் பிழையில்லை என்றேன்.

லீட்டியாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இதே கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கிறாள். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். பின்னேரங்களில் சக்கரநாற்காலியில் தள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். சின்னவள் என் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள்.

இன்று காலை மோனிக் போன் எடுத்தா. டெனிசின் மனைவி.

லீட்டியா அவவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. இருந்த மருந்தை நேர்ஸ் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி போட்டா, உங்கள் கணவரைக் காப்பாற்ற எல்லாம் செய்தா என்று எழுதியிருக்கிறாள். அதற்கு நன்றி சொல்லத்தான் மோனிக் எடுத்தா. அவவுடைய ஆங்கிலம் மெதுவானது. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எனக்கு நன்றி சொன்னா.

ஆரணி போனை என் காதோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும், வந்த அன்றே சொல்லிவிட்டேன். வேண்டாம் அம்மா, விடுங்கோ என்பதுபோலத் தலையை ஆட்டினாள். விட்டிருக்கலாம். ஓம் என்று ஒரு சொல், அவ்வளவுதான். அந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னவள் நான்.

"அது மருந்தில்லை" என்றேன். "மருந்து ஓராளுக்குத்தான் காணும். அதை லீட்டியாவுக்குப் போட்டன். உங்கட மனுசனுக்கு நான் போட்டது உப்புத்தண்ணி."

போன் அறுந்துபோனதோ என்று ஆரணி திரையைப் பார்த்தாள். அறவில்லை.

லீட்டியாவுக்கு இது தெரியாது, தெரியவேண்டாம் என்றேன். சொல்லமாட்டேன் என்றா. அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம். யாரோ வந்து ஏதோ கேட்டார்கள் போல, பிரெஞ்சில் ஒரு சொல் பதில் சொல்லி அனுப்பினா.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டா.

"தெரியும். நான் பொய்தான் சொன்னன். அவர் தெரிஞ்சும் அதை நம்பின மாதிரி இருந்தார்."

மூச்சு இழுபடுவது கேட்டது. அழுகிறா என்று நினைத்தேன். ஏசப்போகிறா என்றும் நினைத்தேன். ஏச உரிமை உள்ள ஒரே ஆள் அவதான்.

இதையும் எழுதவேணுமா அம்மா என்று ஆரணி கேட்கிறாள். எழுது பிள்ளை.

"என்ர பொய்களுக்கும் அவர் அப்பிடித்தான்" என்றா மோனிக். "கலியாணம் கட்டின நாளிலயிருந்து."

அவ போனை வைக்கவில்லை. ஆரணிக்குக் கை உளைந்திருக்கும், மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தாள். நானும் வைக்கச் சொல்லவில்லை.